‘முக்கு’ என்பதற்கு முன்னால்

எம்.பி.பி.எஸ். மாணவரின் மகப்பேறு லாக் புக்கில் ஒரு பிரசவத்துக்கு ஒரு வரி. தேதி, ஐ.பி. எண், எத்தனையாவது பிரசவம், குழந்தையின் எடை, தையல் போட்டதா இல்லையா. பக்கத்திலேயே ‘பார்த்தேன்’, ‘கூட நின்று செய்தேன்’, ‘நானே செய்தேன்’ என்று மூன்றில் ஒன்று. ஓரத்தில் உதவிப் பேராசிரியரின் கையெழுத்து. வரிகள் நிரம்பினால் தேர்வுக்கு உட்காரலாம். அந்தப் பெண் வலிக்கு நடுவில் ஏதாவது கேட்டாரா, கேட்டதற்கு யாராவது பதில் சொன்னார்களா என்று எழுத அந்த வரியில் கட்டம் கிடையாது.

இதை மட்டும் வைத்து, நம் மருத்துவக் கல்வி பேச்சையே மறந்துவிட்டது என்று சொன்னால் நியாயமாகாது. 2018இல் இந்திய மருத்துவக் கவுன்சில் ‘ஏட்காம்’ என்ற பாடத்தொகுப்பை வெளியிட்டது. மனப்பான்மை, அறநெறி, உரையாடல் மூன்றுக்கும் சேர்த்து 27 பாடங்கள். 2019இல் திறன் சார்ந்த புதிய பாடத்திட்டம் வந்தபோது அது கட்டாயமானது. நோயாளியுடன் பேசுவது எப்படி என்பது படிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் திரும்ப வருகிறது. அதற்கு முன்பு இதெல்லாம் நல்ல சீனியர் வாய்த்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்ற கதைதான். ஆக, பாடம் வந்துவிட்டது. அது லேபர் வார்டின் கதவைத் தாண்டி உள்ளே போகிறதா என்பதைத்தான் எடைபோட வேண்டும். கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு ஆயத்தப்படுத்தும் வகுப்புகளையும் கூடவே நிறுத்துப் பார்க்க வேண்டும்; இரண்டின் பலனும் தெரியப்போவது அதே கட்டிலில்தான்.

தேர்வில் இந்தத் திறனை எப்படிச் சோதிக்கிறார்கள்? மாணவர்கள் ‘ஆஸ்கி’ என்று சொல்லும் தேர்வில் ஒரு மேஜை, சில நிமிடங்கள், நோயாளியாக நடிக்க ஒருவர், தேர்வாளர் கையில் ஒரு பட்டியல். வணக்கம் சொன்னாரா, தன் பெயரைச் சொன்னாரா, இடையில் குறுக்கிடாமல் கேட்டாரா, சந்தேகம் உண்டா என்று கடைசியில் விசாரித்தாரா. ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண், ஒரு மதிப்பெண். கெட்டிக்கார மாணவர் இரண்டு நாளில் இதைத் தயார்செய்துவிடுவார். படித்ததெல்லாம் ஆங்கிலத்தில்.

பிறகு அவர் இரவு டியூட்டிக்கு லேபர் வார்டுக்கு வருகிறார். அங்கே பேசவேண்டிய தமிழை அவருக்கு யாரும் நடத்தியதில்லை. பி.ஜி. அக்கா, ஸ்டாஃப் நர்ஸ், ஆயாம்மா வாயிலிருந்து காதில் விழுந்ததுதான் அவருடைய பாடம். ‘முக்கும்மா, முக்கு.’ ‘மூச்ச விடாத, தம் புடி.’ ‘கத்தாத, கத்துனா கொழந்தைக்கு ஆகாது.’ ‘இவ கோஆபரேட்டே பண்ண மாட்டேங்குறா.’ எல்லாம் ஏவல், இல்லையென்றால் புகார். களைப்பும் கோபமும் ஏறிய நேரத்தில் இன்னொன்றும் வரும். பிள்ளை பெற்ற பெண்கள் பேரன் எடுத்த பிறகும் மறக்காமல் சொல்லிக்காட்டுவது: ‘அன்னைக்கு நல்லாருந்துச்சுல்ல, இப்ப மட்டும் வலிக்குதா?’ ஏட்காம் படித்து முழு மதிப்பெண் வாங்கிய மாணவர் அந்த நேரத்தில் சுவர் ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அடுத்த வருடம் அவரே சீனியர்.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதென்று வெட்கப்படத் தேவையில்லை. ஆறுதல் கொள்ளவும் முடியாது. கானா, கினி, நைஜீரியா நாடுகளில் பிரசவ அறைக்குள்ளேயே ஆட்களை அமர்த்திக் கவனித்த ஆய்வொன்று 2019இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. கவனிக்கப்பட்ட 2,016 பெண்களில் 838 பேர் அடியோ வசையோ இழிவோ பாகுபாடோ அனுபவித்திருக்கிறார்கள். அதைவிட என்னை நிறுத்தியது வேறொரு தகவல். அடியும் வசையும் உச்சத்துக்குப் போவது குழந்தை பிறப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்திலிருந்து பிறந்து கால் மணி நேரம் வரை. அதாவது, பேச்சுப் பயிற்சி மிகவும் தேவைப்படும் முக்கால் மணி நேரத்தில்தான் அது முழுசாகக் கைவிடப்படுகிறது. ஆஸ்கி மேஜையில் சோதிக்கப்படுவதோ, யாருக்கும் வலிக்காத, யாருக்கும் அவசரமில்லாத பேச்சு.

உள்பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். கர்ப்பப்பை வாய் எத்தனை விரல் திறந்திருக்கிறது என்று கையால் கணிப்பது புத்தகம் பார்த்து வருவதில்லை, செய்துதான் பழக வேண்டும். அதனால் கற்பிக்கும் மருத்துவமனைகளில் முதலில் ஹவுஸ் சர்ஜன் பார்ப்பார், சரிதானா என்று பி.ஜி. பார்ப்பார், ‘நீயும் பாரு’ என்று மாணவர் ஒருவர் அழைக்கப்படுவார். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவகாலப் பராமரிப்பு வழிகாட்டி, சிக்கல் இல்லாத பெண்ணுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்கிறது. ஒரே பெண்ணைப் பலர் பார்ப்பதைத் தவிர்க்கச் சொல்லி, கற்பிக்கும் இடங்களில் இது சகஜமாக நடக்கிறது என்றும் குறிப்பிடுகிறது. அந்த வழிகாட்டியின் 56 பரிந்துரைகளில் முதலாவது மரியாதையான பராமரிப்பு, இரண்டாவது தெளிவான உரையாடல், மூன்றாவது பிரசவத் துணை. மருந்தும் ஊசியும் அதற்கெல்லாம் பிறகுதான் வருகின்றன.

மாணவர் அந்தக் கட்டிலருகே என்ன சொல்ல வேண்டும்? ‘நான் ஸ்டூடண்ட்ம்மா. டாக்டர் பார்த்தத நானும் பார்த்துக் கத்துக்கணும். பார்க்கலாமா? வேணாம்னா பரவால்ல. வலி வந்தா சொல்லுங்க, கைய எடுத்துர்றேன்.’ பத்து விநாடிகூட ஆகாது. இதில் சிரமமான பகுதி ‘வேணாம்னா பரவால்ல’. அந்தப் பெண் உண்மையிலேயே வேண்டாம் என்றுவிட்டால் மாணவருக்கு ஒரு வாய்ப்பு போகும். பக்கத்தில் நிற்கும் பி.ஜி. ‘இதெல்லாம் கேட்டுட்டா இருப்பாங்க’ என்று முகம் சுளிப்பார். ஆசைக்கும் அனுமதிக்கும் மோதல் வரும் இந்த இடத்தில்தான் உரையாடல் பயிற்சிக்கு வேலையே இருக்கிறது. நடிக்க வந்தவரிடம் பேசும்போது அந்த மோதல் எழுவதில்லை. ஆகவே அங்கே வாங்கிய மதிப்பெண்ணை இங்கே செல்லுபடியாகும் காசாக நான் ஏற்கவில்லை.

சம்மதம் என்று பேச்செடுத்தால் சட்டமும் வரும். சமீரா கோஹ்லி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழாய் விட்டுச் சோதனை செய்யச் சம்மதித்து மயக்கத்தில் கிடந்த பெண்ணின் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும், வெளியே இருந்த தாயிடம் கேட்டுவிட்டு அகற்றிய வழக்கு. சுயமாக முடிவெடுக்கும் திறனுள்ள வயதுவந்த பெண்ணுக்காக வேறொருவர் சம்மதம் தர முடியாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. நம் மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைப் படிவத்தை இன்றும் முதலில் புருஷனிடமோ மாமியாரிடமோ நீட்டுகிறார்கள் என்பதைப் பார்த்தால், அந்தத் தீர்ப்பு வராண்டா வரைகூட வந்து சேரவில்லை என்று தெரியும். ஆனால் தீர்ப்பிலும் ஒரு குறை உண்டு. எவ்வளவு சொன்னால் போதும் என்பதை மருத்துவர்களின் வழக்கமே தீர்மானிக்கட்டும் என்று அது விட்டுவிட்டது. பழைய பிரிட்டிஷ் அளவுகோல் அது. பிரிட்டனே அதை 2015இல் கைகழுவியது. நடீன் மான்ட்கோமரி நீரிழிவு உள்ளவர், உருவத்தில் சிறியவர். குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ள 9 முதல் 10 சதவீத வாய்ப்பு இருந்தது. சொன்னால் சிசேரியன் கேட்பார்கள் என்பதால் மருத்துவர் சொல்லவில்லை. மூளை பாதிப்போடு பிறந்த மகனுக்காக அவர் நடத்திய வழக்கில், அந்தப் பெண்ணுக்கு எது முக்கியமாகப் படுமோ அதைச் சொல்லியாக வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் மாணவர்கள் சம்மதம் பற்றிப் படிக்கும்போது இந்த இரண்டு வழக்குகளையும் எதிரெதிரே வைத்து வாதிட வைக்கலாம். பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட அது மேல்.

‘ஒரு ராத்திரியில் பத்துப் பதினைந்து பிரசவம், ரெண்டு நர்ஸ். இதில் உட்கார்ந்து பேச ஏது நேரம்?’ என்ற பதில் உடனே வரும். இதைத் தட்டிக்கழிக்க மாட்டேன், பாதி உண்மை. வசை பேசுபவர்களில் பலர் பதினாறாவது மணி நேரத்தில் நிற்பவர்கள். ஆனால் இன்னொரு பாதி, அதாவது ‘உயிர் போகிற அவசரத்தில் பேச்சு என்ன பேச்சு’ என்பது, ஆதாரத்தின் முன் நிற்காது. பிரிஸ்டல் நகரின் சவுத்மீட் மருத்துவமனையில் மருத்துவர், மருத்துவச்சி எல்லோரையும் சேர்த்து அவசரநிலைப் பயிற்சி கொடுத்தார்கள். தோள் சிக்கிய பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் ஏற்படுவது 9.3 சதவீதத்திலிருந்து 2.3 ஆகக் குறைந்தது. கை வித்தை மட்டும் அங்கே கற்றுத்தரப்படவில்லை. ‘தோள் சிக்கியிருக்கு’ என்று உரக்கச் சொல்வது, யார் காலைப் பிடிப்பது, யார் நேரம் குறிப்பது என்று வாய்விட்டுப் பிரித்துக்கொள்வது எல்லாம் அதில் அடக்கம். அதே குழுவினரின் இன்னோர் ஆய்வில், பொம்மைக்குப் பதில் தாயாக நடிக்கும் ஆளை வைத்துப் பழகியவர்கள் அந்தத் தாயிடம் நன்றாகப் பேசினார்கள் என்று தெரிந்தது. பொம்மை எதிர்க்கேள்வி கேட்காது என்பதுதான் காரணமாக இருக்கும். ஆக, அவசரம் வரும்போது பேச்சை விட்டுவிடலாம் என்ற வாதம் தலைகீழானது.

மறுபக்கத்துக்கு வருவோம். பெண்களை ஆயத்தப்படுத்துவது பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் அதிகம். பயம் உடலை இறுக்கும், இறுக்கம் வலியைக் கூட்டும் என்று ஆங்கில மருத்துவர் கிரான்ட்லி டிக் ரீட் 1933இல் எழுதினார். பிரெஞ்சு மருத்துவர் லமாஸ் 1951இல் சோவியத் நாட்டில் பார்த்த முறையை எடுத்துவந்து மூச்சுப் பயிற்சியாக்கினார். 1960இல் அமெரிக்காவில் அதற்குச் சங்கமே தொடங்கிவிட்டார்கள். இன்று சென்னையிலும் கோவையிலும் தனியார் மருத்துவமனைகள் நடத்தும் வகுப்புகளின் பாட்டனார்கள் இவர்கள்தான். யோகா பாய், பெரிய ரப்பர் பந்து, மருத்துவமனைக்கு எடுத்துப்போகும் பையின் பட்டியல், கடைசியில் ஒரு குழுப் படம். பலன்? தனியாகவும் குழுவாகவும் நடத்தப்பட்ட வகுப்புகள் பற்றி 2007இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, 9 ஆய்வுகளையும் 2,284 பெண்களையும் பார்த்துவிட்டு, இதனால் என்ன விளைகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. வகுப்பு வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வகுப்பு நடத்துகிறவர்கள் சொல்லும் அளவுக்கு நிரூபணம் இல்லை.

அரசு தரப்பில் செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் இன்னொரு காட்சி. ரத்தம் எத்தனை பாயின்ட், பிரஷர் எவ்வளவு, ஸ்கேன் எப்போது, கர்ப்பத்தைப் பதிவு செய்யும் பிக்மி எண் வாங்கியாச்சா, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயில் எந்தத் தவணை வந்தது. கிராம சுகாதார செவிலியர் இத்தனையையும் ஒழுங்காகச் செய்கிறார், தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடப்பதற்கு அவர்தான் காரணம் என்றே சொல்வேன். ஆனால் லேபர் வார்டுக்குள் என்ன நடக்கும், குளுக்கோஸில் வலி மருந்து எதற்குப் போடுவார்கள், எப்போது வேண்டாம் என்று சொல்லலாம், என்ன கேட்கலாம் என்பது இரண்டு இடத்திலும் பாடத்தில் இல்லை. ஓரிடத்தில் மூச்சு விடக் கற்றுத்தருகிறார்கள், மற்றதில் மாத்திரை சாப்பிட. கேட்கக் கற்றுத்தருவது எங்கும் கிடையாது.

இதன் விலை என்னவென்று ‘கொடி சுத்தியிருக்கு’ என்ற இரண்டு சொல்லில் பார்க்கலாம். ஒன்பதாம் மாத ஸ்கேனில் தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருப்பதாக எழுதியிருக்கும். பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கைந்தில் ஒன்று அப்படித்தான் வருகிறது. பெரும்பாலும் தலை வந்ததும் விரலால் எடுத்துவிட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் அந்தச் சொல் விழுந்ததும் தூக்குக் கயிறுதான் கண்ணில் தெரியும். போதாததற்குக் கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று பாட்டி ஆரம்பிப்பார். மருத்துவர் ஒரு நிமிடம் விளக்கினால் கரையும் பயம் அது. விளக்காமல் விட்டால் குடும்பமே ‘ஆபரேஷன் பண்ணிடுங்க டாக்டர்’ என்று வந்து நிற்கும். அதைத் தாயின் விருப்பம் என்று கேஸ் ஷீட்டில் எழுதிக்கொள்ளலாம். நேர் எதிர்த் திசையிலும் போகிறவர்கள் உண்டு. 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஒரு தாய் ரத்தப்போக்கில் இறந்தார். அத்தகைய முடிவுகளுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். மருத்துவமனைக்குள் தன் சொல் எடுபடாது என்ற எண்ணமும் அவற்றில் ஒன்று என்பது என் கணிப்பு.

சிசேரியன் விகிதத்தை வைத்தே எல்லாவற்றையும் அளந்துவிடலாம் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36.0, தனியாரில் 63.8. இவ்வளவும் தேவையால் நடந்தவை என்று எந்த மருத்துவரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல மாட்டார். ஆனால் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி, டெல்ஃபோர்ட் மருத்துவமனைகள் பற்றி 2022இல் வந்த ஆக்கெண்டன் அறிக்கையைப் படித்தால் கை நடுங்கும். குறைந்த சிசேரியன் விகிதத்துக்காகப் பாராட்டப்பட்ட இடம் அது. நல்ல பராமரிப்பு இருந்திருந்தால் 201 குழந்தைகள் பிழைத்திருக்கலாம் என்றது விசாரணை. தாய்மார்கள் சொன்னதைக் கேட்கவில்லை என்ற குற்றச்சாட்டு அறிக்கை முழுக்க வருகிறது. அங்கே கத்தி எடுக்க மறுத்தார்கள், இங்கே எடுக்க அவசரப்படுகிறார்கள். இரண்டு இடத்திலும் முடிவு எடுத்த பிறகே அந்தப் பெண்ணிடம் வந்தார்கள்.

எதற்குத்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது? துணைக்கு. 2017இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 17 நாடுகளில் 26 ஆய்வுகளை, 15,858 பெண்களைத் தொகுத்தது. வலி நேரம் முழுக்கக் கூட ஒருவர் இருந்தால் சிசேரியன் வாய்ப்பு சுமார் கால் பங்கு குறைகிறது, பிரசவ நேரம் நாற்பது நிமிடம் போலக் குறைகிறது, பிரசவத்தைக் கசப்பான அனுபவமாக நினைப்பவர்கள் குறைகிறார்கள். ஆய்வுகளின் தரம் சீராக இல்லை என்று ஆசிரியர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆனாலும் வகுப்புகளின் ஆதாரத்தோடு ஒப்பிட்டால் இது மலை. தமிழ்நாடு இதில் மற்றவர்களுக்கு முன்னோடி. 2000களின் நடுவிலேயே அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதித்தது. மத்திய அரசு 2016இல்தான் வந்தது.

அந்த மத்திய அரசு வழிகாட்டியின் நிபந்தனைகளைக் கவனமாகப் படிக்க வேண்டும். துணை பெண் உறவினராக இருக்க வேண்டும், பிள்ளை பெற்றவராக இருந்தால் நல்லது. மறைவுக்கு வசதியுள்ள இடத்தில் கணவரை அனுமதிக்கலாம். தொற்றுநோய் இருக்கக் கூடாது. சுத்தமான உடை உடுத்த வேண்டும். கடைசிவரை கூட இருக்க வேண்டும். ஊழியர்களின் வேலையிலும் சிகிச்சை முறைகளிலும் தலையிடக் கூடாது. மற்ற பெண்களைக் கவனிக்கக் கூடாது. முதல் சில நிபந்தனைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘தலையிடக் கூடாது’ என்பதை நம் வார்டுகள் ‘வாய் திறக்கக் கூடாது’ என்றே புரிந்துகொண்டிருக்கின்றன. ‘எதுக்கு டாக்டர் ஊசி?’ என்று கேட்ட அம்மாவை வெளியே போய் உட்காரச் சொல்வது சாதாரணம். முதுகைத் தடவிவிட, தண்ணீர் கொடுக்க, சாமி கும்பிடத் துணை உண்டு. அந்தப் பெண்ணால் பேச முடியாத நேரத்தில் அவளுக்காகக் கேட்க உரிமை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் கொண்டுவந்த புதிய பிரசவக் கண்காணிப்புப் படிவத்தில், துணை இருக்கிறதா, இல்லையா, வேண்டாம் என்றாரா என்று குறிக்கக் கட்டம் உண்டு. அடியில், பெண்ணோடு கலந்து எடுத்த முடிவு என்ன என்று எழுதவும் இடம் உண்டு. 1972இலிருந்து புழக்கத்தில் இருந்த பழைய வரைபடத்தில் விரிவு, இறக்கம், நாடித்துடிப்பு போன்ற உடல் அளவீடுகள்தான்.

என் தீர்ப்பு இதுதான். ஏட்காம் சரியான பாடம். ஆனால் தவறான இடத்தில், தவறான நேரத்தில் சோதிக்கப்படுகிறது. அதனால் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் அதற்குத் தர முடியாது. ஆயத்த வகுப்புகளுக்கு அதைவிடக் குறைவு, அரசு தனியார் இரண்டுக்கும். துணைத் திட்டம்தான் மூன்றிலும் தேறுகிறது, அதுவும் பேசும் உரிமையோடு வந்தால். மாணவர் ஒருவர் ஒரு பெண்ணோடு அட்மிஷனிலிருந்து போஸ்ட்நேட்டல் வார்டுக்கு மாற்றும் வரை கூடவே இருக்க வேண்டும், பரிசோதனை எதுவும் செய்யாமல். மறுநாள் அந்தப் பெண்ணிடம் கேட்டு மதிப்பெண் போட வேண்டும். பதினான்கு மணி நேரம் மாணவர் சும்மா நிற்பதா என்று பேராசிரியர்கள் கேட்பார்கள். பக்கத்தில் நின்று ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் என்ன பேசுவது என்று கற்பதற்கு அதைவிடக் குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை. அதேபோல ஏழாம் மாதச் செவ்வாய்க்கிழமைக்குக் கர்ப்பிணியோடு துணைக்கு வரப்போகும் அம்மாவையோ மாமியாரையோ அக்காவையோ வரவழைத்து, உள்ளே என்ன நடக்கும், என்னென்ன கேட்கலாம் என்று ஸ்டாஃப் நர்ஸே சொல்லித்தர வேண்டும். நிபந்தனைப் பட்டியலில் ‘கர்ப்பிணியின் சார்பாகக் கேள்வி கேட்கலாம்’ என்று ஒரு வரி சேர்க்க அரசாணை ஒன்று போதும். துணையை உள்ளேயே விடாத தனியார் மருத்துவமனைகளுக்கு 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. பதிவைப் புதுப்பிக்க வரும்போது அதே வரியை அங்கேயும் நிபந்தனையாக்கலாம்.